படியெடுத்தலும் பழுதுபார்த்தலும்

கணினி தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் வன்தட்டை ‘இல்லை’ என்று சொல்லும் நாள், எழுத்தோடு உறவுடைய எவருக்கும் என்றேனும் வந்தே தீரும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒற்றை வரி தோன்றும். தொடங்குவதற்கான சாதனம் எதுவும் அகப்படவில்லை என்பது அதன் பொருள். அதைப் படித்ததும் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கணினியை நான்கைந்து முறை அணைத்து அணைத்துப் போடுவார்கள்; அல்லது பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, ‘எப்படியாவது ஓட வைத்துவிடுங்கள்’ என்பார்கள். இரண்டுமே ஆபத்தானவை. இலக்கியம் படித்தவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் தெளிவோடு நடந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து. ஏனெனில், இங்கே பின்பற்ற வேண்டிய நெறியைச் சுவடிப் பதிப்பு வரலாற்றின் வழியாக நாம் ஏற்கெனவே பாடமாகப் படித்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முதுகலையில் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக இருபது ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரிப் பாடல்களையும் தாலாட்டுகளையும் பதிவு செய்தவர். ஒலிநாடாவில் இருந்தவற்றை யார் யாரையோ பிடித்துக் கணினிக்கு மாற்றினார். நாடாக்கள் பூஞ்சை பிடித்துப்போய்விட்டதால், வீடு மாறும்போது அவற்றைக் கழித்துவிட்டார்கள். வட்டார வழக்குச் சொற்களின் பெரிய பட்டியல் ஒன்றையும் அதே கணினியில்தான் தட்டெழுதி வைத்திருந்தார். அந்தக் கணினி ஒருநாள் காலையில் மேற்சொன்ன வரியைக் காட்டிவிட்டு நின்றுபோயிற்று.

அவர் அதைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் டிடெக்ட் ஆகல சார், புதுசு போட்டு விண்டோஸ் ஏத்திடலாம்” என்றிருக்கிறான். பிறகு, தன் தொழிலுக்குரிய ஒழுங்கோடு, “டேட்டா ஏதும் வேணுமா சார்?” என்றும் கேட்டிருக்கிறான். பேராசிரியருக்கு ‘டேட்டா’ என்றால் கைப்பேசிக்குப் பணம் கட்டி வாங்குகிற இணைய அளவு. “டேட்டாவெல்லாம் வேண்டாம் தம்பி, எனக்கு இன்டர்நெட்டே அவ்வளவாத் தேவைப்படாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் அதைத் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிற்று. புதிய வன்தட்டு மாலையில்தான் வரும் என்று கடையில் சொல்லியிருந்ததால் பெட்டி இன்னும் திறக்கப்படாமலே இருந்தது. இருபது ஆண்டு உழைப்பு அன்று குப்பைக் கூடைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், கடையில் சரக்கு இல்லாமற்போனது மட்டுமே. பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான். கேட்டவனுக்கும் கேட்கப்பட்டவருக்கும் இடையில் ஒரு சொல் இரண்டு பொருளோடு நின்றது. சொல்லின் பொருளைத் தேடியே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதிலிருந்து நான் கற்ற முதற்பாடம்: கணினி பழுதானால் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி ‘எப்போது ஓடும்?’ என்பதாக இருக்கக்கூடாது. ‘உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு வேறு படி உண்டா?’ என்பதாக இருக்க வேண்டும். வேறு படி உண்டு என்றால் கடைக்காரர் சொன்னபடி புதிது போட்டுக்கொள்ளலாம். இல்லை என்றால் அந்த வன்தட்டு பழுதான ஓர் உதிரிப்பாகமாக இல்லை. அது ஒரே ஒரு சுவடி. அதற்குரிய மரியாதையோடுதான் அதைத் தொடவேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கிறார். அவரை வரவழைத்துப் பேராசிரியர் வீட்டில் பெட்டியைத் திறந்தோம். அவர் வேலை செய்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காணவில்லை என்பது ஒரே நோய் போலத் தோன்றினாலும், யாருக்குக் காணவில்லை என்று கேட்டால் அது மூன்று தனித்தனி நோய்களாகப் பிரியும் என்றார்.

முதலாவது, வன்தட்டுக்கே உயிர் இருக்கிறதா என்பது. சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய வகை வன்தட்டு என்றால் காதும் கையும் போதும். நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிற தட்டுகள் அவை. மின்சாரம் போனதும் மெல்லிய அதிர்வு தெரியும். அதிர்வே இல்லையென்றால் மின்கம்பியையும், கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லப்படும் மின்வழங்கியையும் முதலில் சந்தேகிக்கலாம். ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஒலி வந்தால் மட்டும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். படிக்கும் முனை தட்டின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது பழுதுபட்ட நிலையில் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தட்டின் பூச்சு சுரண்டப்படலாம். சுரண்டப்பட்ட எழுத்து எந்த வல்லுநர் கையிலும் திரும்பாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்லும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் படிந்து இருப்பதும் போய்விடும் என்பதால் அந்த வைத்தியம் வேண்டாம். இந்த நிலைக்கு வந்துவிட்ட வன்தட்டுகள் தூசு புகாத அறையும் கருவிகளும் உள்ள தரவு மீட்பு நிலையங்களுக்குரியவை.

இரண்டாவது, வன்தட்டுக்கு உயிர் இருந்தும் கணினிக்குத் தெரியாமலிருப்பது. கணினியைப் போட்டவுடன் டெலீட், எஃப்2 போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்தினால் பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரை வரும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அந்தத் திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் காட்டப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். காட்டப்படவில்லை என்றால், சுவரிலிருந்து மின்செருகியைக் கழற்றிவிட்டுக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். சாட்டா வகை வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. ஏழு தொடுமுனைகள் கொண்ட சிறியது தரவுக்கு, பதினைந்து கொண்ட அகலமானது மின்சாரத்துக்கு. இரண்டையும் இரு முனையிலும் கழற்றி அழுத்திச் செருகுவது, பிறகு வேறு கம்பி, பிறகு தாய்ப்பலகையில் வேறு துளை, பிறகு வேறு கணினி என்ற வரிசையில் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கே விதி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போய்விடும். தாய்ப்பலகையில் நேரே செருகும் எம்.2 வகையென்றால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தத் துளை சாட்டா வகையையும் என்விஎம்இ வகையையும் சேர்த்து ஏற்கிறதா, ஒன்றை மட்டுமே ஏற்கிறதா என்பது தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறும். சிலவற்றில் அத்துளையைப் பயன்படுத்தினால் சாட்டா துளை ஒன்று செயலிழந்துவிடும்.

மூன்றாவது, பயாஸுக்குத் தெரிந்தும் விண்டோஸுக்குத் தெரியாமலிருப்பது. இங்கே வன்தட்டில் பழுதே இல்லாமலும் இருக்கக்கூடும். யாரோ செருகிவிட்டு மறந்த பென் டிரைவிலிருந்து கணினி தொடங்க முயன்று தோற்றிருக்கலாம். தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 என்னும் காசு வடிவ மின்கலம் தீர்ந்து, பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்திருக்கலாம். கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதியைக் காட்டுவது இதற்கு அடையாளம். 2020க்குப் பின் வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால், விண்டோஸை நிறுவும்போது அதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லையென்றால் வன்தட்டே இல்லை என்று காட்டும். இவற்றுக்கெல்லாம் மருந்து எளிது. ஆனால் அமைப்புகளை மாற்றுமுன் பழைய நிலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போடப்பட்ட கணினியாக இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமைப்பு மாறினாலோ வன்தட்டு வேறு கணினிக்குப் போனாலோ அந்த எண்ணைக் கேட்கும்.

இந்த மூன்றாம் கட்டத்தில்தான் மிகப் பெரிய கண்ணி இருக்கிறது. படிக்க முடியாத வன்தட்டைக் கண்டதும் விண்டோஸ் மிகப் பணிவோடு, ‘இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கும். வட்டு மேலாண்மைத் திரையோ, ‘தொடக்க நிலைக்குக் கொண்டுவரட்டுமா?’ என்று கேட்கும். புதிதாக வாங்கிய வெற்று வன்தட்டுக்கு அது சரியான கேள்விதான். நேற்றுவரை நம் எழுத்தைச் சுமந்துகொண்டிருந்த ஒன்றுக்கு, ஓலையில் எழுத்து மங்கியிருக்கிறது, சீவிவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பதற்குச் சமம். இல்லை என்று சொல்லப் பழக வேண்டும். பிழைகளைத் திருத்துவதாகச் சொல்லும் ‘செக்டிஸ்க்’ என்ற கருவியும் திருத்தம் செய்யும்போது அதே தட்டின்மீதுதான் எழுதுகிறது. நலிந்த தட்டின்மேல் அதை ஏவினால், திருத்தம் என்ற பெயரில் மூலம் மாறிவிடும்.

பேராசிரியரின் கணினியில் நோய் இரண்டாம் வகை. தட்டு சுழன்றது, பயாஸில் அதன் பெயர் இல்லை. தரவுக் கம்பியின் செருகி தளர்ந்திருந்தது. வேறு கம்பி போட்டதும் பெயரும் கொள்ளளவும் திரையில் வந்து நின்றன. சில நூறு ரூபாயைத் தாண்டாத ஒரு கம்பி! எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. விண்டோஸைத் திறந்து பார்த்துவிடலாம் என்றேன். மாணவர் மறுத்துவிட்டார். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டை முதலில் படித்தார். கம்பிக் கோளாறைக் காட்டும் 199ஆம் எண் கணக்கு ஏறியிருந்தது, அது எதிர்பார்த்ததே. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளைக் காட்டும் 197ஆம் கணக்கும் சுழியத்தில் இல்லை. அதாவது, கம்பியோடு சேர்ந்து தட்டும் முதுமையடைந்துகொண்டிருந்தது.

“இதை வச்சு இனிமே எந்த வேலையும் செய்யக்கூடாது ஐயா. முதல்ல முழுசா ஒரு காப்பி. அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றார்.

டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் இரவு முழுவதும் அந்தப் படியெடுப்பு நடந்தது. அது வேலை செய்யும் விதத்தை அவர் விளக்கியபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. அது படிக்க எளிதான பகுதிகளை முதலில் விரைவாகப் படியெடுத்துவிடுகிறது. சிக்கலான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிச் செல்கிறது. எல்லாம் முடிந்தபின் விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாக முயல்கிறது. கடைசிவரை படிக்க முடியாத இடங்கள் எவை எவை என்பதை ஒரு தனிக் கோப்பில் குறித்து வைக்கிறது. தன் ஊகத்தால் அவற்றை நிரப்புவதில்லை.

இது நமக்குத் தெரிந்த அறம் அல்லவா? பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. நம் பதிப்பாசிரியர்கள் அந்த இடங்களைத் தாங்களே பாடி நிரப்பிவிடவில்லை. எண்ணை அப்படியே வைத்து இடத்தைக் காலியாக விட்டார்கள். 1887இல் சீவகசிந்தாமணியை உ.வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைச் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அச்சேற்ற முடிந்ததென்றால், அதற்கு முன் பல நூறு ஆண்டுகள் பெயர் தெரியாத எத்தனையோ பேர் ஓலை செல்லரிப்பதற்கு முன் இன்னோர் ஓலையில் படியெடுத்து வைத்ததுதான் காரணம். ஓலை அழியும் பொருள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வன்தட்டு அழியும் பொருள் என்பதை நாம் இன்னும் அறியவில்லை.

பேராசிரியரின் சொற்பட்டியல் முழுமையாகக் கிடைத்தது. பாடல்களிலும் ஏறத்தாழ எல்லாமே கிடைத்தன. ஒரே ஓர் ஒப்பாரியின் இறுதிப் பகுதி மட்டும் படிக்க முடியாத இடத்தில் சிக்கிக்கொண்டது. பாடிய அம்மையார் இப்போது இல்லை. மறுநாள் அந்தக் கோப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் குரல் அறுந்தது. பேராசிரியர் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “மிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கு, எழுதிடட்டுமா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, “வேண்டாம் தம்பி. அந்த அம்மா பாடினது எது, நான் போட்டது எதுன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியாது” என்று சொல்லி, ‘இதற்குமேல் ஒலிப்பதிவு கிடைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்.

நண்பர்கள் சிலர், ‘முன்கூட்டியே எச்சரிக்கும் பதிவேடுதான் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கிறார்கள். போதாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதடைந்தவற்றுள் 56 விழுக்காட்டுக்கும் மேலானவை மிக வலுவான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று தெரிவித்தார்கள். குறி தெரிந்தால் நோய் உண்டு எனலாம். குறி இல்லையென்றால் நோய் இல்லை எனக் கொள்ள முடியாது. சுழலும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டி வகையிலும் இந்தக் கவலை தீர்ந்துவிடவில்லை. ஒலியெழுப்ப அதில் எதுவும் இல்லாததால், பல நேரங்களில் அது ஒரு முனகலும் இல்லாமல் மறைந்துபோகிறது.

‘எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் போட்டுவிட்டேன்’ என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியில் இருப்பதை அப்படியே இணையத்திலும் பிரதிபலிக்கும் சேவையில், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். குறிப்பிட்ட நாள்வரை மீட்டெடுக்க வழியிருந்தாலும், அழிந்ததை நாம் கவனிப்பதற்குள் அந்த நாள் கடந்துவிடலாம். நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். ஒரு கட்டடத்திற்குள் எல்லாப் படிகளும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைவிட வேறு எதுவும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கிக்கொள்வது நம் துறையில் ஒரு பெருமிதமாகவே ஆகிவிட்டது. ‘எனக்குக் கணினியெல்லாம் தெரியாது’ என்று மேடையில் சொல்லிச் சிரிக்கிறோம். தாய்ப்பலகையின் உள்விவரங்கள் தெரியாமலிருக்கலாம், குற்றமில்லை. ஆனால், ஒரே படியாக இருப்பதன்மேல் எதையும் எழுதக்கூடாது, திருத்துமுன் படியெடுக்க வேண்டும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று குறிக்க வேண்டும் என்பவை தொழில்நுட்பம் அல்ல. இவற்றைக் கடைக்காரரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். அவர் ‘டேட்டா வேணுமா?’ என்று கேட்டால், ‘உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாமே வேண்டும், படியெடுக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள், இந்தத் தட்டையும் என்னிடமே திருப்பிக் கொடுங்கள்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டியே கொடுக்கலாம்.

பேராசிரியரின் சேகரிப்பு இப்போது அவர் வீட்டில் ஒரு புறத்தட்டிலும், எங்கள் துறையில் இன்னொன்றிலும், வெளியூரில் இருக்கும் அவர் மகளிடம் மூன்றாவதாகவும் இருக்கிறது. பழைய தட்டை அவர் தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறார். அந்த ஒப்பாரியின் மிச்சம் அதற்குள்தான் இருக்கிறது என்கிறார்.